மதுவைத் தொடாதவரின் கல்லீரல்





கல்லீரல் கெட்டுப்போவது குடிப்பவர்களுக்கு நேரும் கதி என்றும், மதுவைத் தீண்டாத நமக்கும் அந்நோய்க்கும் தொடர்பில்லை என்றும் ஓர் எண்ணம் நம் சமுதாயத்தில் வேரூன்றியிருக்கிறது. ஹராமிலிருந்து விலகி நிற்பதில் நாம் கொள்ளும் நிம்மதி நியாயமானதே. ஆனால் அந்த நிம்மதியே உடலைப் பற்றிய அலட்சியமாக மாறியிருப்பதையும், நோயுற்ற சகோதரனைப் பற்றிய தவறான ஊகமாக வளர்ந்திருப்பதையும் இன்று வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. இவ்விரண்டும் சேர்ந்துதான், காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய சிலரை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டிருக்கின்றன என்பது நம் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். ஐவேளைத் தொழுகையைப் பேணியவர்; கடன் வாங்கினால் சொன்ன நாளில் திருப்பித் தருபவர். பல ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் காகிதத்தை அவர் வீட்டில்கூடக் காட்டவில்லை. ‘ஈரல்’ என்று வாயைத் திறந்தால் ஊர் என்ன நினைக்கும் என்ற அச்சமே காரணம். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்த பிறகே மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்குள் கட்டி பெருகி, செய்வதற்கு அதிகம் இல்லாத நிலை வந்துவிட்டது.

அவருடைய மய்யித் வீட்டுக்குச் சென்று வந்த நம் வீட்டுப் பெண்கள் கூறிய செய்தி மரணத்தைவிடவும் நம்மை வருத்தியது. இத்தாவில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி, ஆறுதல் சொல்ல வந்த ஒவ்வொருவரிடமும், “அவங்க ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரும் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கவில்லையே தவிர, அந்தக் கேள்வி பலருடைய மனத்திலும் இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். கணவனுக்காக அழ வேண்டிய நேரத்தில் அவனுடைய மானத்துக்குச் சாட்சி சொல்லும் நிலையில் ஒரு பெண்ணை நிறுத்திய சமுதாயம், தன்னைத் தானே சற்று விசாரித்துக்கொள்ளக் கடமைப்பட்டது.

மருத்துவ உலகுக்கே புதிதாக இருந்த உண்மை

இந்தத் தவறான எண்ணம் பாமரர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு காலத்தில் மருத்துவர்களிடமும் அது இருந்தது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் என்னும் நோயியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் இருபது நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், நெடுங்காலம் குடித்தவரின் கல்லீரல் போலவே இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்லர். பெரும்பாலோர் உடல் பருத்தவர்கள். பலருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதுவரை பெயரில்லாதிருந்த அந்நோய்க்கு ‘மதுவால் வராத கல்லீரல் அழற்சி’ என்னும் பொருளில் அவர்கள் பெயரிட்டார்கள்.

அந்தப் பெயரும் காலப்போக்கில் போதாததாயிற்று. நோயின் பெயரிலேயே ‘மது’ என்ற சொல் இருப்பது நோயாளியைக் கூச வைக்கிறது என்றும், நோயின் உண்மையான காரணத்தை அது சொல்லவில்லை என்றும் பல நாடுகளின் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கருதின. எனவே 2023ஆம் ஆண்டில் அவை ஒன்றுகூடிப் பெயரை மாற்றின. ‘உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய கொழுப்புக் கல்லீரல் நோய்’ என்பதே புதிய பெயரின் பொருள். நோயாளியின் மானத்தைக் கருதி உலக மருத்துவர்கள் ஒரு நோயின் பெயரையே மாற்றியிருக்கும்போது, நாம் நம் நாவை மாற்றிக்கொள்ளத் தயங்குவது அழகாகுமா?

நோய் எப்படி வளர்கிறது?

கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. நாம் உண்பவற்றிலிருந்து குடல் ஈர்க்கும் சத்துகளில் பெரும்பகுதி முதலில் அதனிடமே செல்கிறது. தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அது கொழுப்பாக மாற்றுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில், வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பும் கரைந்து கல்லீரலுக்கே வந்து சேர்கிறது. கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு தங்கிவிட்டால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள்.

பலருக்கு நோய் இந்த அளவிலேயே நின்றுவிடும். ஆகவே ஸ்கேன் காகிதத்தில் ‘ஃபேட்டி லிவர்’ என்று கண்டவுடன் கலங்கிப்போகத் தேவையில்லை. ஆனால் ஒரு பகுதியினருக்கு அக்கொழுப்பு அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பின் மேல் தழும்பு சேர்ந்து கல்லீரல் கரடுமுரடாகி இறுகுவதே சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்க நோய். அந்நிலையை அடைந்தவர்களுக்கே கல்லீரல் புற்றுநோயின் அபாயம் மிகுதி. கொழுப்பு நோயைப் பொறுத்தவரை, சிலருக்குச் சுருக்கம் வராமலேயே புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. இன்னொன்றையும் மறக்கலாகாது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் கல்லீரலால் இறப்பவர்களைவிட மாரடைப்பு போன்ற இதய நோய்களால் இறப்பவர்களே அதிகம். கல்லீரலில் படிந்த கொழுப்பு உடல் முழுவதற்குமான எச்சரிக்கை.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஒரு மதிப்பீடு, வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் 38 பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருப்பதாகக் கூறுகிறது. ஜும்ஆவில் நம் வரிசையில் பத்துப் பேர் நின்றால் அவர்களில் மூன்று நான்கு பேருக்கு இருக்கலாம் என்பது இதன் பொருள். 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு, சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய் ஆகியவற்றைத் தடுக்கும் தேசியத் திட்டத்தில் இந்நோயையும் சேர்த்துக்கொண்டது. எனவே ‘இது புதிதாகக் கிளப்பிவிடப்பட்ட பீதி’ என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

நம் தஸ்தர்கானைப் பற்றிச் சில சொற்கள்

ஹலாலான உணவு என்பதால் அளவு பற்றிக் கவலையில்லை என்ற மனநிலை நம்மிடம் உண்டு. வலீமா வீட்டில் நெய்ச்சோறும் கறியும் தால்ச்சாவும், அதன்மேல் இனிப்பு, அதன்மேல் புட்டியில் அடைத்த குளிர்பானம். விருந்தினரை வற்புறுத்தி மீண்டும் பரிமாறுவதே உபசாரம் என்று கருதுகிறோம். ரமழானில் பகல் முழுவதும் பசித்திருந்துவிட்டு, இஃப்தாரில் கஞ்சியோடு வடை, சமோசா, பஜ்ஜி, சர்பத் என்று தொடங்கி, தராவீஹுக்குப் பின் பரோட்டாக் கடையில் முடிக்கிறோம். வயிற்றை உணவு, நீர், மூச்சு என மூன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும் நபிவழியை நாம் மேடையில் எடுத்துரைக்கிறோம். விரிப்பின் முன் அமர்ந்ததும் மறந்துவிடுகிறோம்.

மேற்சொன்னவற்றில் கல்லீரலுக்கு மிகக் கெடுதியானது கறி என்று பலர் எண்ணுவார்கள். உண்மையில், சர்க்கரை கரைத்த பானங்களும், மைதாவும், எண்ணெயில் பொரித்தவையும், அளவின்றிக் குவிக்கும் வெள்ளைச் சோறுமே பெரிய குற்றவாளிகள். இனிப்பூட்டிய பானங்களில் உள்ள ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரையைப் பெரும்பாலும் கல்லீரலே கையாள வேண்டியிருக்கிறது. மிகுதியானது கொழுப்பாக அங்கேயே தங்குகிறது. தாகத்துக்குத் தண்ணீர் இருக்க, குழந்தைகளின் கையில் குளிர்பானப் புட்டியைக் கொடுத்து அதை அன்பு என்று நாம் அழைக்கிறோம். மதரஸாவில் ஓதவரும் பிள்ளைகளிலேயே கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்த தோல் உடையவர்களை இப்போது காண்கிறோம். அது அழுக்கன்று, பல வேளைகளில் இன்சுலின் சரியாக இயங்காததன் அடையாளம். அத்தகைய பிள்ளையைத் தேய்த்துக் குளிக்கச் சொல்லிக் கண்டிப்பதைவிட, பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்வதே ஆசிரியரின் கடமை.

‘நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்’ என்பதும் முழுமையான பாதுகாப்பன்று. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம் நாட்டில் மிகுதி. ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செண்டிமீட்டரையும் பெண்களில் 80 செண்டிமீட்டரையும் தாண்டினால் கவனம் தேவை என்று மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஜுப்பாவும் புர்காவும் நம் வயிற்றைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்கலாம். கல்லீரலிடமிருந்து மறைக்க மாட்டா.

வலிக்காத உறுப்பு, பேசும் எண்கள்

இந்நோய் தாமதமாகத் தெரிவதற்கு முதற்காரணம் கல்லீரலின் மௌனம். அதன் உட்பகுதியில் வலி உணரும் நரம்புகள் இல்லை. மேலே போர்த்திய மெல்லிய உறை இழுபடும்போதே வலி தெரியும். ஆகவே வலிக்காகக் காத்திருப்பவர் நெடுங்காலம் காத்திருப்பார். சர்க்கரை நோய் உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள், இரத்த அழுத்தமும் இரத்தக் கொழுப்பும் மிகுந்தவர்கள், முன்பு எடுத்த ஸ்கேனில் கொழுப்பு என்று எழுதப்பட்டவர்கள் ஆகியோர் வலியைக் கேளாமல் எண்களைக் கேட்க வேண்டும்.

அந்த எண்கள் விலையுயர்ந்தவையும் அல்ல. சாதாரண இரத்தப் பரிசோதனையில் கிடைக்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் ஆகிய மூன்றையும் வயதையும் வைத்து ‘ஃபிப்-4’ என்றொரு கணக்கை மருத்துவர்கள் போடுகிறார்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்க வேண்டும். வந்த விடையை, பிளேட்லெட் எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.டி. அளவின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு இலட்சத்து எண்பதாயிரம் என்றால் 180.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒருவருக்கு வயது 52. எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் 180. காகிதத்தைப் பார்ப்பவர், ‘சற்றே கூடுதல், பரவாயில்லை’ என்று மடித்து வைத்துவிடுவார். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 52ஐ 48ஆல் பெருக்க 2496. 49இன் வர்க்கமூலம் 7. 180ஐ அதனால் பெருக்க 1260. 2496ஐ 1260ஆல் வகுக்க ஏறத்தாழ 1.98. இந்த எண் 1.3க்குக் கீழ் இருந்தால் பெருந்தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் இருந்தால் வாய்ப்பு அதிகம். இடைப்பட்டவர்கள் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போன்ற சோதனைக்குச் செல்ல வேண்டும். ‘பரவாயில்லை’ என்று மடித்துவைக்கப்பட்ட காகிதம் உண்மையில் மேற்கொண்டு பார்க்கச் சொல்லும் காகிதம் என்பது இதனால் விளங்கும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு 1.3க்குப் பதிலாக 2 என்பதை எல்லையாகக் கொள்வார்கள். இக்கணக்கு நோயைத் தீர்ப்பளிக்கும் நீதிபதியன்று. யார் அடுத்த சோதனைக்குச் செல்ல வேண்டும் என்று பிரித்துக் காட்டும் சல்லடை. எஸ்.ஜி.பி.டி. சரியான அளவில் இருந்தும் கல்லீரலில் தழும்பு இருக்கலாம் என்பதால், முடிவை மருத்துவரிடமே விட வேண்டும்.

ஆறு மாதத்தின் மதிப்பு

ஈரல் சுருக்கம் உறுதியானவர்களுக்கு மருத்துவ உலகம் ஓர் ஒழுங்கை வகுத்துள்ளது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், ஏ.எஃப்.பி. என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். கொழுப்பு நோயால் சுருக்கம் வந்தவர்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒருவர் இருவர் என்ற அளவில் புற்றுநோய் தோன்றுகிறது. சிறியதாக இருக்கும் கட்டி சில மாதங்களில் இரு மடங்காகிவிடக்கூடியது. ஆகவே ‘போன வருஷம் எடுத்தோமே’ என்பது போதுமான பதிலன்று.

இந்த ஒழுங்கினால் பயன் உண்டா? சீனாவின் ஷாங்காய் நகரில் ஹெபடைட்டிஸ் பி கிருமி தொடர்பான 18,816 பேரை 1990களில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கும் ஏ.எஃப்.பி. சோதனைக்கும் அழைக்கப்பட்டார்கள். அழைக்கப்பட்டவர்கள் எல்லா முறையும் வரவில்லை. அப்படியிருந்தும் அப்பிரிவில் கல்லீரல் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு மற்றப் பிரிவைவிட 37 விழுக்காடு குறைந்திருந்தது. 2004இல் வெளியான முடிவு இது.

கட்டி சிறிதாக இருக்கும்போது வெட்டி அகற்றலாம்; ஊசி வழியே வெப்பம் செலுத்திச் சுட்டழிக்கலாம்; கல்லீரலையே மாற்றலாம். இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் 1996இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. ஒரே கட்டியாயின் 5 செண்டிமீட்டருக்குள், இரண்டு மூன்றாயின் ஒவ்வொன்றும் 3 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரத்தக் குழாய்க்குள் பரவியிருக்கக் கூடாது. அவ்வளவுக்குள் மாற்று அறுவை செய்யப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்ததை அவர்கள் கண்டார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவையும் அடங்கியுள்ளது. ஏழைக்கு வழியே இல்லை என்ற நிலை இல்லை. ஆனால் அந்த வழி காலத்தே வருபவர்களுக்குத் திறந்திருக்கிறது. கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து, கட்டி இரத்தக் குழாயில் இறங்கிய பிறகு வருபவருக்குப் பெரும்பாலும் துன்பத்தைத் தணிக்கும் சிகிச்சையே மிஞ்சுகிறது.

இங்கே வளைகுடா செல்லும் நம் இளைஞர்களைப் பற்றி ஒரு சொல். விசாவுக்கான மருத்துவச் சோதனையில் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளையும் பார்க்கிறார்கள். கிருமி இருப்பவரை ‘அன்ஃபிட்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பி வரும் இளைஞன் வேலை போன துக்கத்தில் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுகிறான். வீட்டாரும் வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரியக்கூடாது என்று மூடிவைக்கிறார்கள். உண்மையில் அவன் மருத்துவரிடம் செல்ல வேண்டிய நாள் அன்றுதான் தொடங்குகிறது. ஹெபடைட்டிஸ் சி கிருமியை இன்று சில மாத மாத்திரையால் ஒழிக்க முடிகிறது. பி கிருமியைக் கட்டுப்படுத்த மருந்து உண்டு. வராமல் தடுக்கத் தடுப்பூசியும் உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட வேண்டிய அந்த ஊசியை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடலாகாது. கொழுப்பும் கிருமியும் ஒரே கல்லீரலில் சேர்ந்தால் அபாயம் கூடும்.

எழக்கூடிய சில ஆட்சேபங்கள்

‘விதிப்படி நடக்கும்; தேடிப்போய் நோயைக் கண்டுபிடிப்பானேன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பின் வைக்கும் நம்பிக்கை என்பதை மக்தபில் ஓதும் பிள்ளையும் அறியும். கட்டாமல் விட்டுவிட்டு விதியைக் காரணம் காட்டுவது மார்க்கம் கற்பித்த வழியன்று. நோய்க்கு மருந்து தேடுவது நபி (ஸல்) அவர்கள் ஏவிய செயல்.

‘கீழாநெல்லி இருக்கிறது, நாட்டு மருந்து இருக்கிறது’ என்பார்கள். சுருங்கி இறுகிய கல்லீரலை மீட்கும் மூலிகை எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ‘லிவர் டானிக்’ என்றும் ‘டீடாக்ஸ்’ என்றும் விற்கப்படும் சில கலவைகள் கல்லீரலையே பாதித்த நிகழ்வுகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிரூபிக்கப்பட்ட மருந்து எளிமையானது. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. ஏழு முதல் பத்து குறைந்தால் அழற்சி தணிகிறது. பத்துக்கு மேல் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்கியிருக்கிறது. எண்பது கிலோ எடையுள்ளவருக்கு இது எட்டுக் கிலோ. ஓராண்டில் நிதானமாகக் குறைக்கக்கூடியதே. ஃபஜ்ருக்குப் பின் படுக்கைக்குத் திரும்பாமல் அரைமணி நேரம் நடப்பவருக்கு ஜமாஅத்தும் கிடைக்கிறது, கல்லீரலும் பிழைக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் சற்றுக் கடினமானது. ‘ஈரல் நோயாளிகளைப் பற்றிப் பேசக்கூடாது என்றால், குடியைக் கண்டிக்கும் நம் குரல் தளர்ந்துவிடாதா?’ தளராது. மது ஹராம் என்பதில் மாற்றமில்லை. அது கல்லீரலை அழிக்கிறது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் பாவத்தைக் கண்டிப்பது வேறு, ஒரு நோயாளியின் முகத்தில் அந்தப் பாவத்தைத் தேடுவது வேறு. அல்ஹுஜுராத் அத்தியாயம் ஊகத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ஒரே தொடரில் தடுத்திருக்கிறது. முதலில் ஊகம், ஊகம் உண்மையா என்று துருவல், துருவியதைப் பிறரிடம் சொல்லும் புறம். கல்லீரல் நோயாளி ஒருவர் விஷயத்தில் நம் தெருவில் நடப்பது இதே வரிசையில்தானே? சரி, ஒருவர் உண்மையிலேயே ஒரு காலத்தில் குடித்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கும் ஆறு மாத ஸ்கேன் தேவை. அவருக்கும் சிகிச்சை தேவை. தவ்பாவின் வாசலை இறைவன் திறந்து வைத்திருக்கும்போது மருத்துவமனையின் வாசலை நாம் அடைப்பதற்கு யார்?

நாம் செய்யத்தக்கவை

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும் ஒழுங்கிலிருந்து தொடங்கலாம். ‘எப்படி வந்துச்சு?’ என்ற கேள்வியை விட்டுவிடுவோம். ‘ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் வேணுமா?’ என்று கேட்போம். முதற்கேள்வி அடுத்த நோயாளியை ஒளிய வைக்கிறது. இரண்டாவது கேள்வி அவரை வெளியே வர வைக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதோடு நிறுத்தாமல், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஃபிப்-4 கணக்குக்கான இரத்தப் பரிசோதனையையும் சேர்க்கச் சொல்லலாம். முடிவுகளைப் பலர் முன்னிலையில் பெயர் சொல்லி அழைத்துத் தராமல், உறையிலிட்டுத் தனியே கொடுக்க வேண்டும். பெண்களுக்கென்று நேரமும் இடமும் வேறாக ஒதுக்க வேண்டும். வீட்டில் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, மீந்ததைக் கடைசியில் உண்ணும் நம் தாய்மார்களின் உடல்நிலை எந்த முகாமிலும் பதிவாவதில்லை.

கத்தீப்மார்கள் ஆண்டில் ஒரு குத்பாவையாவது இதற்காக ஒதுக்கலாம். திருமண வீட்டார் குளிர்பானத்தை நீக்கித் தண்ணீரும் மோரும் வைக்க முன்வந்தால், அதைக் கஞ்சத்தனம் என்று பேசாமல் பாராட்டுவோம். பள்ளிவாசல் இஃப்தாரில் பொரித்தவற்றின் இடத்தில் சுண்டலும் பழமும் வைப்பதற்கு நிதி கூடுதலாகத் தேவைப்படாது.

ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் நோன்பு பற்றி மருத்துவரையும் ஆலிமையும் கலந்தே முடிவெடுக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்தவருக்கும், இரத்த வாந்தி கண்டவருக்கும் பட்டினி ஆபத்தை விளைவிக்கும். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை ஓர் அருள். அதை ஏற்பவரை ‘நோன்பை விட்டவர்’ என்று பார்ப்பதும் மேற்சொன்ன ஊகத்தின் மற்றொரு முகமே.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சகோதரனின் மானமும் அவ்வாறே. இவ்விரண்டில் ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றைப் பலியிட வேண்டிய நிலையில் எந்த நோயாளியும் நம் மஹல்லாவில் இருக்கக்கூடாது. இதைப் படிப்பவர்களில் யாருடைய மேசை அறையிலாவது பழைய ஸ்கேன் காகிதம் ஒன்று மடித்துக் கிடந்தால், அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

நோயுற்றோருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. நம் உள்ளங்களைத் தீய ஊகத்திலிருந்தும் நம் நாவுகளைப் புறத்திலிருந்தும் காப்பானாக. ஆமீன்.